நேர்ச்சாலையில் வட்டமடித்த கார்

நண்பர் ஒருவர் பழைய சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ. ஒன்றை வாங்கினார். 2008இல் வந்த தலைமுறையைச் சேர்ந்தது. ஆறு கியர், டர்போ எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம். வாங்கிய சில வாரங்களில் என்னிடம் வந்தார். வந்த காரணம் அலாய் வீல். 9.5 அங்குல அகல ரிம், அதில் 265/35 ஆர் 18 டயர் என்று மனத்தில் முடிவே செய்திருந்தார். பேச்சை முடிக்கும் நேரத்தில்தான் இன்னொன்றைச் சொன்னார். வண்டி நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பினால் கார் முன்னேற மறுத்து விக்கி விக்கி நகர்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தினால் கியர் பெட்டிப் பக்கமிருந்து சூடேறிய எண்ணெய் வாடை வருகிறது. வீல் வேலை முடிந்தபின் அதையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்றார்.

அவர் இரண்டு வேலை என்று நினைத்தார். இரண்டும் ஒன்றே என்பது காரின் பக்கத்தில் குனிந்தவுடன் தெரிந்தது. முன்பக்க டயர்கள் 255/35 ஆர் 18, ஏறக்குறையப் புதியவை. பின்பக்க டயர்கள் 245/40 ஆர் 18, பாதி தேய்ந்தவை. முன்பிருந்த உரிமையாளரிடம் கேட்டபோது விவரம் கிடைத்தது. முன் டயர்கள் தேய்ந்தன. டயர் கடையில் அந்த அளவு கையிருப்பில் இல்லை. “இது அதைவிட அகலம், இன்னும் நல்லது” என்று சொல்லி வேறு அளவை மாட்டி அனுப்பிவிட்டார்கள். அவரும் நம்பி ஓட்டியிருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தின் செலவு கியர் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்களைப் படிப்பது கடினமல்ல. 245 என்பது மில்லிமீட்டரில் அகலம். 40 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்தக் கலவையான அலகுகள்தான் ஆளை ஏமாற்றுகின்றன. 245இல் 40 சதவீதம் 98 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 196. ரிம் 457.2. மொத்த விட்டம் 653.2 மில்லிமீட்டர். 255/35க்கு இதே கணக்கைப் போட்டால் 635.7தான் வருகிறது. அகலம் 10 மில்லிமீட்டர் கூடியது, விட்டம் 17.5 மில்லிமீட்டர் குறைந்தது. அகலமான டயர் பெரிய டயர் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் தவறுகிறது.

ஆனால் பக்கச்சுவரில் அச்சிட்டதை மட்டும் நம்பக் கூடாது. சுமை ஏறிய டயர் தரையில் சற்று அமுங்குகிறது. அதனால் ஒரு முழுச் சுற்றில் அது கடக்கும் தூரம், விட்டத்தைப் பை (π) என்ற எண்ணால் பெருக்கி வருவதைவிடக் குறைவு. ரேடியல் டயர்களுக்கு 3.14க்குப் பதிலாக 3.05ஆல் பெருக்குவது வழக்கம். அதற்கும் மேல், டிரெட், அதாவது தரையைத் தொடும் வரிப்பள்ளமுள்ள ரப்பர், தேயத் தேய விட்டம் குறைகிறது. எனவே சமதளத்தில் காரை நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, டயர் தரையைத் தொடும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டோம். பிறகு ஐந்து முழுச் சுற்றுகள் உருட்டி, தூரத்தை நாடாவால் அளந்தோம். ஒரு சுற்றை அளந்தால் அரை சென்டிமீட்டர் பிசகு கணக்கையே கெடுத்துவிடும். ஐந்து சுற்று அளந்து ஐந்தால் வகுத்தால் பிசகும் வகுபட்டுவிடும்.

முன் சக்கரம் ஐந்து சுற்றில் 9.69 மீட்டர். பின் சக்கரம் 9.87 மீட்டர். அதாவது ஒரே தூரத்தைக் கடக்க முன் சக்கரங்கள் 1.9 சதவீதம் அதிகமாகச் சுற்றியாக வேண்டும். பின் டயர்கள் புதிதாக இருந்திருந்தால் வித்தியாசம் இன்னும் மோசம், 2.8 சதவீதம். அவை பாதி தேய்ந்திருந்தது இந்தக் காருக்கு ஒரு வகையில் அதிர்ஷ்டம்.

1.9 சதவீதம் என்றால் நண்பருக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. எனக்கும் வெறும் சதவீதமாகக் கேட்டால் அப்படித்தான் இருந்திருக்கும். அதனால் வேறு விதமாகக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

எந்தக் காரிலும் வளைவில் முன் அச்சு பின் அச்சைவிடப் பெரிய வட்டத்தில் போகிறது. அதனால் முன் சக்கரங்கள் சற்று அதிகமாகச் சுற்றுகின்றன. இந்தக் காரின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் சுமார் 2.6 மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் முன் சக்கரங்கள் ஏறக்குறைய 13 சதவீதம் அதிகமாகச் சுற்றும். 100 மீட்டர் ஆர வளைவில் அந்த வித்தியாசம் வெறும் 0.03 சதவீதம். நேர்ச்சாலையில் பூஜ்யம். இந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ளத்தான் நடுவில் ஒரு சென்டர் டிஃபரென்ஷியல், அதாவது முன் அச்சையும் பின் அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுப்பு, இருக்கிறது. சரி, 1.9 சதவீத வித்தியாசம் எந்த வளைவில் வரும்? சுமார் 13.5 மீட்டர் ஆர வட்டத்தில். ஒரு சிறிய ரவுண்டானாவைச் சுற்றுவது போல.

கியர் பெட்டியின் கண்ணுக்கு இந்தக் கார் ஒருநாளும் நேராகப் போனதே இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நேர்ச்சாலையில் போகும்போதும் உள்ளே அது ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டே இருந்தது, நிற்காமல், மணிக்கணக்காக. அந்த வேகத்தில் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 16 சுற்று வித்தியாசம். அச்சுகளுக்கு இழுவிசையைக் கொண்டுசெல்லும் தண்டான டிரைவ் ஷாஃப்டில் அது இறுதிப் பல்சக்கர விகிதத்தால் பெருகி ஐம்பதைத் தாண்டும். இதைச் சொன்னபோது நண்பர் சற்று நேரம் பேசவில்லை. எண்ணெய் வாடை எங்கிருந்து வந்தது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

இந்த எஸ்.டி.ஐ.யின் சென்டர் டிஃபரென்ஷியல், இழுவிசையை முன்னுக்கு 41, பின்னுக்கு 59 என்ற விகிதத்தில் பிரிக்கும் பல்சக்கர அமைப்பு. அதோடு ஒரு மின்காந்தக் கிளட்சும் உண்டு. அதன் இறுக்கத்தை ஓட்டுபவரே கூட்டிக் குறைக்கலாம், தானியங்கியாகவும் விடலாம். முற்றிலும் தளர்ந்த நிலையில் டயர் வித்தியாசம் பெரும்பாலும் பற்களின் சுழற்சியாகக் கழிந்துவிடும். இறுக்கினால் கதை மாறும். முன், பின் ஷாஃப்டுகள் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். ஆனால் டயர்கள் ஒரே அளவில் இல்லை. ஏதாவது ஒன்று வழுக்கியே தீர வேண்டும். சிறிய முன் டயர் காரைப் பின்னுக்கு இழுக்கிறது, பெரிய பின் டயர் காரை முன்னுக்குத் தள்ளுகிறது, இரண்டும் தங்களுக்குள் மல்லுக்கு நிற்கின்றன. எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு சாலைக்கே போய்ச் சேராமல் கியர் பெட்டிக்கும் டயருக்கும் இடையே சுற்றிச் சுற்றி வெப்பமாகிறது. நண்பர் ஆர்வக் கோளாறால் அந்தக் கிளட்சை எப்போதும் இறுக்கமான பக்கத்திலேயே வைத்து ஓட்டியிருக்கிறார். வண்டி நிறுத்தும் இடத்து விக்கல் அதனால்தான். ஒடித்துத் திருப்பும்போது முன் சக்கரங்கள் இயல்பாகவே வேகமாகச் சுற்ற வேண்டியவை. சிறிய டயர் அதற்கு மேலும் கூட்டியது. இறுகிய கிளட்ச் இரண்டையும் தடுத்தது.

இறுக்கிய நிலையில் உலர்ந்த சாலையில் மெதுவாகத் திரும்பினால், சரியான டயர் இருந்தாலும் ஓரளவு விக்கல் இருக்கும். அது கோளாறு அல்ல, அந்த நிலையின் இயல்பு. இதையும் அவரிடம் சொன்னேன்; இல்லையென்றால் டயர் மாற்றிய பிறகும் பயந்துகொண்டிருப்பார்.

அப்படியானால் நான்கு டயரும் ஒரே அளவாக இருந்தே ஆக வேண்டுமா? இந்தக் காரில் ஆம். எல்லாக் காரிலும் அல்ல. அங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 2007இல் வந்த நிசான் ஜி.டி.ஆர். முன்னால் 255/40 ஆர் 20, பின்னால் 285/35 ஆர் 20 போடுகிறது. அகலம் 30 மில்லிமீட்டர் வேறு. ஆனால் விட்டம் 712க்கு 707.5, ஒரு சதவீதத்துக்கும் குறைந்த இடைவெளி. 996 தலைமுறை போர்ஷே 911 டர்போவில் 225/40 ஆர் 18, 295/30 ஆர் 18. பார்வைக்குப் பின் டயர் பூதாகரமாக இருக்கும். விட்டம் 637.2, 634.2. மூன்றே மில்லிமீட்டர். அந்தப் பொறியாளர்கள் பின்பக்கச் சதவீதத்தை 30க்கு இறக்கியது அழகுக்காக இல்லை என்பது இந்த எண்களைப் பார்த்தால் தெரியும். இன்னொரு பக்கம் லம்போர்கினி கயார்டோவின் 235/35 ஆர் 19, 295/30 ஆர் 19 ஜோடி. 647.1, 659.6. தொழிற்சாலையிலிருந்தே ஏறக்குறைய 2 சதவீத வித்தியாசம். அந்த வித்தியாசம் அந்தக் காரின் வடிவமைப்பில் அடக்கம்.

ஆகவே காத்துக்கொள்ள வேண்டியது முன்னுக்கும் பின்னுக்கும் தயாரிப்பாளர் வைத்த விகிதத்தை. நண்பரின் காரில் அந்த விகிதம் ஒன்றுக்கு ஒன்று. கயார்டோவின் வித்தியாசத்தைக் காட்டி எஸ்.டி.ஐ.யில் 2 சதவீதத்தை நியாயப்படுத்த முடியாது. கயார்டோவில் ‘ஒரே அளவு நல்லது’ என்று நான்கையும் சமமாக்குவதும் அதே தவறுதான்.

1989இல் வந்த ஸ்கைலைன் ஜி.டி.ஆரில் இது இன்னொரு முகம் காட்டும். அது இயல்பில் பின்சக்கர இயக்கக் கார். சக்கர வேகத்தை உணர்ந்து, பின் சக்கரம் வேகமாகச் சுற்றினால் வழுக்குகிறது என்று புரிந்துகொண்டு முன்னுக்கு இழுவிசை அனுப்பும். அதில் பின்னால் சிறிய டயர் மாட்டினால் கணினிக்கு எப்போதும் வழுக்கல் நடப்பது போலவே தெரியும்.

எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்ற கேள்விக்கு, சுபாரு கார்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை சுற்றளவில் கால் அங்குலம், அதாவது 6.4 மில்லிமீட்டர். கேட்கத் தாராளமாகத் தோன்றும். டிரெட்டின் ஆழத்துக்கு மாற்றிப் பாருங்கள்: சுமார் 1 மில்லிமீட்டர். புதிய டயரின் டிரெட் ஆழம் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு டயர் பஞ்சராகிப் பாழானால், மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருக்கும் நிலையில் ஒன்றை மட்டும் புதிதாக மாட்டுவது இந்தக் காருக்குச் சரிப்படாது. ஒன்று, நான்கையும் மாற்ற வேண்டும். அல்லது அதே மாடலில் புதிய டயர் வாங்கி, டிரெட்டை மற்றவற்றின் அளவுக்குச் சீவி மாட்ட வேண்டும். புதிய ரப்பரைச் சீவி எறிவது மனத்துக்கு வலிக்கத்தான் செய்யும். சென்டர் டிஃபரென்ஷியலைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு வலிக்காது.

இப்போது நண்பரின் ஆசைக்கு வருகிறேன். நான்கிலும் 265/35 ஆர் 18, 9.5 அங்குல ரிம், ஆஃப்செட் 38. நான்கும் ஒன்றே என்பதால் சென்டர் டிஃபரென்ஷியலுக்கு இதில் பிரச்சினை இல்லை. விட்டம் 642.7, மூலத்தைவிட 1.6 சதவீதம் குறைவு. வேகமானி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும், அவ்வளவுதான். 9.5 அங்குல ரிம்மும் இந்த டயருக்கு உரியதே; மூல 8.5 அங்குல ரிம்மில் 265/35 போடக் கூடாது, அதற்குக் குறைந்தது 9 அங்குலம் வேண்டும். அவர் தவறாக எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. என் தயக்கம் ஆஃப்செட்டில் இருந்தது.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில்) பொருந்தும் முகம் எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறது என்பது. எண் குறையக் குறைய ரிம் வெளியே வரும். மூல ரிம் 8.5 அங்குலம், ஆஃப்செட் 55. அதன் வெளி விளிம்பு ஹப் முகத்திலிருந்து 53 மில்லிமீட்டர் வெளியே, உள் விளிம்பு 163 மில்லிமீட்டர் உள்ளே. 9.5 அங்குலம், ஆஃப்செட் 38 என்றால் வெளியே 83, உள்ளே 159. உள்பக்கம் 4 மில்லிமீட்டர் இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. வெளியே 30 மில்லிமீட்டர் நீட்டுகிறது. ஃபெண்டர் விளிம்பை மடக்க வேண்டியிருக்கலாம், சக்கரத்தின் சாய்வான கேம்பரையும் கூட்ட வேண்டியிருக்கலாம். அதே அகலம் ஆஃப்செட் 45 என்றால் வெளியே 76, உள்ளே 166. அப்போது உள்பக்கம் சஸ்பென்ஷன் தூணான ஸ்ட்ரட்டை 3 மில்லிமீட்டர் நெருங்குகிறது. எந்தப் பக்கம் இடத்தைக் கொடுத்து எந்தப் பக்கம் வாங்குவது என்பதுதான் ஆஃப்செட் தேர்வு.

இடைவெளி மட்டும் கணக்கல்ல. ஆஃப்செட் 17 மில்லிமீட்டர் குறைந்தால் டயரின் நடுக்கோடே 17 மில்லிமீட்டர் வெளியே போகிறது. சக்கர பேரிங்கில் நெம்புகோல் நீளுகிறது. ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள உறவு மாறுகிறது. குழியில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கினால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். கார் ‘முரட்டுத்தனமாக’ ஆகிவிட்டது என்று பலர் சொல்வது பல நேரம் இதைத்தான்.

மிட்சுபிஷி எவோ எக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். அதுவும் 245/40 ஆர் 18, அதுவும் 8.5 அங்குல ரிம், போல்ட் வட்டமும் அதே: 5 போல்ட், 114.3 மில்லிமீட்டர் விட்டம். பார்த்தவுடன் மாற்றி மாட்டலாம் என்று தோன்றும். ஆஃப்செட் 38. நடுத்துளை 67.1 மில்லிமீட்டர், சுபாருவின் ஹப் 56.1. வளையம் போடாமல் மாட்டினால் ரிம் ஹப்பில் உட்காராமல் நட்டுகளையே நம்பி நிற்கும். நடுவில் சரியாக அமையாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். டயர் அளவு ஒன்று என்பதால் ரிம்மும் ஒன்றாகிவிடாது.

255/40 ஆர் 18ஐயும் பேசினோம். மூல ரிம்மிலேயே போகும், விட்டம் 1.2 சதவீதம் கூடும். வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் பக்கம் நகர்வது எனக்குப் பிடிக்கவில்லை. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டுவதை ஐக்கிய நாடுகளின் 39ஆம் ஒழுங்குமுறை அனுமதிப்பதுமில்லை. ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்கு டயர் நெருங்கும் என்பது இன்னொரு காரணம். 19 அங்குலத்துக்கு வழி உண்டு, 2018 எஸ்.டி.ஐ. 245/35 ஆர் 19இல் வந்தது, விட்டம் 654.1, ஏறக்குறைய அதே. ஆனால் பக்கச்சுவர் 98 மில்லிமீட்டரிலிருந்து 86 ஆகிறது. குழிகள் நிறைந்த சாலையில் தினமும் ஓடும் காருக்கு அந்த 12 மில்லிமீட்டரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 17 அங்குலத்தில் 245/45 மிக அருமையாகப் பொருந்தும், 652.3. அதில் பிரெம்போ பிரேக் காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடைவெளியைத் தகடு வெட்டி அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

“அகலம் கூடினால் பிடிப்பும் கூடாதா?” என்று நண்பர் விடாமல் கேட்டார். அவர் ஆசையில் நியாயம் இருந்தது. ஒரு முன் சக்கரத்தில் சுமார் 450 கிலோ சுமை, காற்றழுத்தம் 2.3 பார் என்றால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 190 சதுர சென்டிமீட்டர். டயரை அகலமாக்கினால் இந்தப் பரப்பு பெரிதாக வளர்வதில்லை, வடிவம் மாறுகிறது. 20 சென்டிமீட்டர் அகலம், 9.5 நீளமாக இருந்தது 22 அகலம், 8.6 நீளமாகிறது. குறுகிய, அகன்ற அந்தத் தடம் வளைவில் கூடுதல் பக்கவாட்டுப் பிடிப்பைத் தருகிறது, வெப்பத்தையும் நன்றாகப் பரப்புகிறது. பந்தயத் தடத்தில் அது உண்மையான லாபம். தேங்கிய நீரில் அதே அகலம் டயரைச் சீக்கிரம் மிதக்க வைக்கும். மேலும் ரிம்மும் டயரும் சுற்றும் எடை. விளிம்பை ஒட்டிய ஒரு கிலோ, காரை முடுக்கும்போது ஏறக்குறைய இரண்டு கிலோ போல் நடந்துகொள்ளும்.

அவருடைய ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு சாதாரணச் சாலை, மழைக்காலம் உட்பட. அதனால் முடிவு இப்படி ஆனது: மூல ரிம்மிலேயே 245/40 ஆர் 18, நான்கும் ஒரே மாடல், ஒரே நாளில். 9.5 அங்குல ரிம்மைப் பந்தயத் தடத்துக்கான தனித் தொகுப்பாக, ஆஃப்செட் 45இல், நான்கும் 265/35ஆகப் பிறகு வாங்கலாம். பழைய டயர்களில் ஒன்றைக்கூட மாற்று டயராகக் காரில் வைக்க வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னேன். டயரில் அச்சிட்ட சுமை எண்ணையும் வேக எழுத்தையும் பார்த்தோம்: 93 என்றால் 650 கிலோ, டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர். மூலத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

கியர் பெட்டி எண்ணெயையும் பின் டிஃபரென்ஷியல் எண்ணெயையும் மாற்றினோம். கியர் பெட்டியிலிருந்து வடிந்தது கறுத்துப்போயிருந்தது. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மாவு போன்ற இரும்புத்தூள், ஆனால் துண்டுகள் இல்லை. அந்தத் துண்டுகள் இல்லாததைப் பார்த்தபோது எனக்கு உண்மையில் நெஞ்சு நிறைந்தது. அலைன்மென்ட் முடித்து, மறுபடியும் சுண்ணக்கட்டியை எடுத்தோம். நான்கு புதிய டயர்களும் ஐந்து சுற்றில் 9.96 மீட்டர், கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையே 8 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டருக்கும் குறைவு.

கிளட்ச்சைத் தானியங்கி நிலைக்கு மாற்றி வண்டி நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து இரண்டு வட்டம் அடித்தார். விக்கல் இல்லை. ஒரு மணி நேர நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பின் வாடையும் இல்லை.

அதன்பின் 5,000 கிலோமீட்டரில் டிரெட் ஆழத்தை அளந்தோம். முன்னது பின்னதைவிட 0.4 மில்லிமீட்டர் அதிகம் தேய்ந்திருந்தது. முன் அச்சில் எடை கூடுதல் என்பதால் எதிர்பார்த்ததே. அந்த வாரமே முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின்னவற்றை முன்னுக்கும் மாற்றினார். இப்போது காரின் கையுறைப் பெட்டியில் ஆழமானியும் ஒரு சிறிய நோட்டுப் புத்தகமும் இருக்கின்றன. நான்கு பத்திகள், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று. கடைசியாகப் பார்த்தபோது நான்கிலும் ஒரே எண் எழுதியிருந்தது: 6.8.